பெரியவர் காலியாக வைத்திருந்த இடம்

சாப்பாட்டுக் கடையின் சமையல்கட்டு மூலையில், தரையில் பதித்திருந்த சல்லடை வழியாக முதலில் நுரை வந்தது. அதன் பின்னால் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒன்று மேலெழுந்து அவள் செருப்பைச் சுற்றிக்கொண்டது. வாளி வாளியாக அள்ளியும் குறையவில்லை. காலையில் வந்த சுகாதார அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். கொழுப்பு தேங்கும் தொட்டி எங்கே என்று கேட்டார். அப்படி எதுவும் இங்கே இல்லை என்றான் அவள் கணவன். இல்லாமலா இத்தனை வருஷம் கடை நடத்தினீர்கள், பாத்திரம் கழுவிய எண்ணெயெல்லாம் காற்றில் கரைந்துவிட்டதா என்று அவர் கேட்டார். சாயங்காலம் திரும்பி வருவேன், அதற்குள் தொட்டியைத் திறந்து சுத்தம் செய்து காட்டாவிட்டால் கடைக்குப் பூட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். ஒருமுறை பூட்டினால் தங்களால் மறுபடி திறக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் அடுப்பெரிவதும் மாடியில் படுத்திருக்கும் மனிதருக்கு மருந்து வாங்குவதும் இந்தக் கடையால்தான்.

மாடியில் படுத்திருந்தவர் அவள் கணவனின் அண்ணன். ஊருக்கே அவர் பெரியவர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. ஒரேயொரு வார்த்தை மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்திருந்தது. சாப்பிடுகிறீர்களா என்றால் ‘சரி’ என்பார். வலிக்கிறதா என்றாலும் ‘சரி’தான். வாழ்நாள் முழுக்க எதற்கும் லேசில் சரி சொல்லாத மனிதருக்கு அந்த வார்த்தையா மிஞ்ச வேண்டும் என்று ஆரம்பத்தில் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. இப்போது வருவதில்லை.

கழிவு உறிஞ்சும் லாரி சந்தில் வந்து நின்றது. லாரிக்காரர் ஒரு கம்பியால் தரையை அங்கங்கே தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தொட்டி கட்டாயம் இருக்கிறது, மேலே டைல்ஸ் போட்டு மூடியிருக்கிறார்கள், போட்டவரைக் கேளுங்கள் என்றார். அவள் கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான். நாற்றம் வருகிறது என்று யாரோ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன வருஷம், அண்ணன் இரண்டு நாள் கடையை மூடி, தானே உட்கார்ந்து டைல்ஸ் ஒட்டியது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு நாற்றமே வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் யோசிக்கவும் இல்லை.

பெரியவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து சமையல்கட்டு நடுவில் வைத்தார்கள். படுத்த பிறகு அவர் இங்கே வருவது இதுதான் முதல் தடவை. ஈரத்தையும் குவிந்து கிடந்த கசடையும் பார்த்து அவர் வாய் கோணியது; சரிந்து விழாமலிருக்க இடது கையால் நாற்காலியை இறுகப் பற்றியிருந்தார். தம்பி அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“அண்ணே, தொட்டி எங்க இருக்கு? இந்தச் சிங்குக்குக் கீழயா?”

“சரி.”

கடப்பாரை இறங்கியது. டைல்ஸ் தெறித்தது. கீழே வெறும் மண். அடுப்புப் பக்கமா என்று கேட்டான். அதற்கும் சரி. கதவோரமா? சரி. அவர் சொன்ன இடமெல்லாம் உடைத்து, கையில் கொப்புளம் வந்து, கடைசியில் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். லாரிக்காரர் இன்னொரு இடத்துக்குப் போக வேண்டும் என்று மெல்ல ஆரம்பித்தார்.

அவள் பெரியவரின் வாயைப் பார்க்கவில்லை. அவர் கண்ணைப் பார்த்தாள். சிங்கைக் காட்டியபோதும் அடுப்பைக் காட்டியபோதும் அந்தக் கண் ஒரே இடத்தில் நின்றது. கிரைண்டருக்கு முன்னால் இருந்த ஃப்ரீசர்மேல்.

அந்த இடத்துக்காக அவரோடு அவள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. இத்தனூண்டு சமையல்கட்டில் அவ்வளவு இடத்தைச் சும்மா போட்டிருக்கிறாரே, அங்கே ஒரு ஃப்ரீசர் வைத்தால் என்ன என்று கேட்பாள். அந்த இடம் காலியாக இருக்கட்டும் என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தான் நிற்க இடம் வேண்டும், மற்றவர்கள் எப்படிப் போனாலென்ன என்ற அதிகாரம் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது முதல் வேலையாக ஃப்ரீசரை வாங்கி அங்கே நிறுத்தினாள். அன்றைக்கு அவளுக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

“ஃப்ரீசரத் தள்ளுங்க,” என்றாள்.

தள்ளினார்கள். கீழே நான்கு டைல்ஸ், இடுக்கில் சிமெண்ட் இல்லாமல், துணி சோப்பைப் பிசைந்து அடைத்திருந்தது. நெம்பியதும் கையோடு வந்தன. இரும்பு மூடியைத் தூக்கினால், விளிம்பு வரை வெள்ளையும் மஞ்சளுமாக இறுகிய கொழுப்பு. உள்சுவரில் ஓர் ஆணி. அதில் அவள் வீடெல்லாம் தேடி, பாத்திரம் கழுவ வரும் அம்மாவின்மேல் பழி போட்டுவிட்டு மறந்துபோன நீளக் கரண்டி தொங்கியது.

வார விடுமுறை மதியங்களில் ஷட்டரை இறக்கிவிட்டு அவர் தனியாக உள்ளே இருப்பார். வெளியே வரும்போது குளித்திருப்பார். வீட்டுக்கு வந்து இன்னொரு தரம் குளிப்பார். குடித்துவிட்டு வாடை தெரியாமலிருக்க இந்தக் குளியல் என்று அவள் கணவனிடம் சொல்லியிருந்தாள். அவனும் நம்பினான். பெரியவருக்கும் அது காதில் விழுந்திருக்கும். அவர் மறுக்கவில்லை.

லாரிக்காரர் குழாயை உள்ளே விட்டார். அது உறுமியது, எதையும் இழுக்கவில்லை. மேலே கட்டியாக நிற்பதைக் கடப்பாரையால் உடைத்துவிடலாம், ஆனால் உள்ளே வெளிக்குழாயின் வாய் அடைத்திருக்கிறது, கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றார். கணவனின் கை முழுக்கப் புண்ணாகியிருந்தது. சந்தின் முனையில் ஒரு வண்டி நின்ற சத்தம் கேட்டது. அதிகாரியுடையதா என்று எட்டிப் பார்க்க யாருக்கும் தெம்பில்லை.

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு ஈரத்தரையில் குப்புறப் படுத்தாள். கணவன் கட்டியை உடைத்துக் கொடுக்க, கையை விட்டாள். முழங்கை போனது, அதற்கு மேலும் போனது. நாற்றம் கண்ணை எரித்தது. விரல் குழாயின் வாயைத் தொட்டுத் தடவியது. அப்போது பின்னாலிருந்து யாரோ அவள் புடவையைப் பிடித்து இழுத்தார்கள்.

திரும்பினாள். பெரியவர் நாற்காலியிலிருந்து பாதி சரிந்து, விளங்கும் ஒரே கையால் அவள் முந்தானையைப் பற்றியிருந்தார். அதுவரை அசையாத தலை வேண்டாம் வேண்டாம் என்று ஆடியது. கண்ணீர் கோணிய வாயோரம் வழிந்தது.

“சரி,” என்றார். “சரி, சரி.”

“விடுங்க மாமா. நான் பாத்துக்குறேன்.”

அவர் விடவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. வளையலுக்கு மேல் கொழுப்பு ஏறிய கையை அவள் இன்னும் ஆழமாக விட்டாள். அவருடைய கைக்கும் அவளுடைய தோளுக்கும் நடுவில் புடவை விறைத்து நின்றது.