மாசியில் பெய்த மழை

"பூவெல்லாம் கொட்டிக்கினே கீதும்மா" என்று ஆரோக்கியசாமி அண்ணன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பீர்க்கம்பூ. மஞ்சள்கூட வாடவில்லை, பிஞ்சோடு உதிர்ந்திருந்தது. மாசி பாதி தாண்டவில்லை, அதற்குள் அம்பத்தூரில் சித்திரை வெயில். போன வருஷம் இதே மாசத்தில் விடியற்காலையில் போர்வை தேடினோம். இந்த வருஷம் மொட்டை மாடியில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை. மனுஷனுக்கே நாக்கு தள்ளுகிறது, பாவம் செடி என்ன பண்ணும்?

அண்ணன் எங்கள் கீழ் வீட்டில் குடியிருப்பவர். நானும் என் மகள் கிருஷ்ணப்பிரியாவும் மேல் வீட்டில். பாடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறையை மூடியதும் ஆள் படுத்துவிட்டார். நோய் நொடி ஒன்றும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டார். அவர் மனைவி அருள்செல்வி ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போய்க் குடும்பத்தை ஓட்டினாள். ஒரு நாள் என் எதிரில் உட்கார்ந்து, "இந்த மனுஷன் இப்டியே போய்டுவாரோன்னு பயமா கீதுக்கா" என்று அழுதாள். மாடி சும்மாதானே கிடக்கிறது, நாலு தொட்டி வைத்துக்கொள்ளச் சொல் என்று சொன்னவள் நான்தான். இந்த வாயிலிருந்து நல்ல வார்த்தையும் வந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

நாலு தொட்டி ஒரே வருஷத்தில் மாடி முழுக்க ஆனது. பழைய பெயிண்ட் வாளி, சிமெண்ட் பை, உடைந்த தண்ணீர் டிரம், எது கிடைத்தாலும் அதில் மண்ணைப் போட்டுவிடுவார். கத்திரி, கொத்தவரை, வெண்டை, மேலே பந்தலில் பீர்க்கை. பூ நிற்க வேண்டும் என்று மோரையும் தேங்காய்ப்பாலையும் புளிக்க வைத்துத் தெளிப்பார். அந்த நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு நான் திட்டுவேன், அவர் சிரிப்பார். "செடிங்களாண்ட அவ்ளோ பேசறாருக்கா, என்னாண்ட ஒரு வார்த்த பேசறதுக்குக் கூலி கேக்கறாரு" என்பாள் அருள்செல்வி. சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க வேண்டும். காலையில் நான் கதவைத் திறந்தால் வாசலில் தட்டு இருக்கும், அதில் அன்றைக்குப் பறித்த காய் இருக்கும். கடையில் காய் வாங்குவதையே நான் குறைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று அவர் கையிலிருந்த பூவைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்ன யோசனை, சுயநலம்தான். மாடிச் சூடு முழுக்க எங்கள் அறையில்தான் இறங்கும். பின்னறையில் ஃபேன் போட்டால் அடுப்பை விசிறியது மாதிரி காற்று வரும்.

"அண்ணே, நீங்க ஊத்தற தண்ணி எல்லாம் பைப்பு வழியா ஓடிடுதில்ல? அந்தப் பைப்பு வாய்ல துணிய அடைங்க. தண்ணி தரைல நின்னா செடிக்கும் சூடு ஏறாது, எங்க ரூமும் கொஞ்சம் ஆறும்" என்றேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "திடீர்னு மழ கிழ வந்துச்சின்னா?"

"மாசில எங்கண்ணே மழ? வந்தா சொல்லுங்க, நானே வந்து உங்க செடிக்குக் கொட புடிக்கறேன்."

சிரித்துக்கொண்டே போய்ப் பழைய லுங்கியைச் சுருட்டி அடைத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து சாயங்காலமானால் தரை நனையத் தண்ணீர் விடுவார். பின்னறை நிஜமாகவே ஆறியது. நான் நன்றாகத் தூங்கினேன். துணியை மறந்தே போனேன்.

அது தவக்காலத்து வெள்ளிக்கிழமை. அண்ணனும் அருள்செல்வியும் சிலுவைப்பாதைக்கு மாதா கோவிலுக்குப் போயிருந்தார்கள். வேப்பம்பட்டிலிருந்து சம்பந்தியம்மா வந்திருந்தார். வைகாசியில் கிருஷ்ணப்பிரியாவுக்குக் கல்யாணம். சீருக்காகப் பூந்தமல்லியில் சொல்லித் தைத்த இலவம்பஞ்சு மெத்தை அன்று காலையில்தான் வந்து பின்னறைக் கட்டிலில் கிடந்தது. அதைக் காட்டத்தான் அந்தம்மாவைக் கூப்பிட்டிருந்தேன். காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போது ஆவடிப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. கண் மூடித் திறப்பதற்குள் கொட்ட ஆரம்பித்தது. மாசி மாசத்தில் அப்படி ஒரு மழையை நான் பார்த்ததே இல்லை. எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று பேரும் ஜன்னலில் நின்று சாரலை வாங்கினோம். "நல்ல சகுனம்" என்றார் சம்பந்தியம்மா.

பின்னறைக்குப் போன கிருஷ்ணப்பிரியா, "அம்மா!" என்று கத்தினாள். ஃபேன் கொக்கி ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒழுகி நேராக மெத்தையில் விழுந்துகொண்டிருந்தது. மூவரும் இழுத்தோம். ஊறிய பஞ்சு, அசைக்க முடியவில்லை. சம்பந்தியம்மா கூரையைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார். "வாடகைக்கு வுடறதுன்னா ஆளப் பாத்து வுடணும். மாடி பூரா மண்ணக் கொட்டி வச்சா இப்டித்தான் ஆவும்" என்றார்.

அதற்குள் அண்ணன் மழையிலேயே ஓடி வந்திருக்கிறார். மாடிக்குப் போய்த் துணியை உருவிவிட்டு, சொட்டச் சொட்ட அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் கூடத்தில் வந்து நின்றார். துணியைப் பார்த்ததும்தான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஞாபகம் வராமல் திட்டினேன் என்று சொன்னால் பொய். வந்தது. வந்த பிறகுதான் திட்டினேன்.

"யாரக் கேட்டு அடச்சீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மாவைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார். "தப்புதாம்மா. மழ வரும்னு பாக்கல" என்றார்.

அங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம். நரம்பில்லாத நாக்கு, நிற்கவில்லை. பாவம் பார்த்து இடம் கொடுத்தால் தலையில் மண்ணைக் கொட்டுவார்கள் என்றேன். நாளைக்கு ஒரு செடி மாடியில் இருக்கக் கூடாது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். சம்பந்தியம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும், "நீதானம்மா அடைக்கச் சொன்ன?" என்றாள் கிருஷ்ணப்பிரியா. "வாய மூடுடி" என்றேன். கோபத்தில் சொன்னது என்று அவருக்குத் தெரியாதா, காலையில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

காலையில் சம்பந்தியம்மாவோடு மாங்காடு கோவிலுக்குப் போவதாக முன்பே பேச்சு. வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். அம்மன் எதிரில் நின்று மகள் கல்யாணம் நல்லபடி நடக்க வேண்டும் என்று கும்பிட்டேனே தவிர, இவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மத்தியானம் திரும்பி வந்தபோது எங்கள் தெருமுனையில் ஒரு மாடு பீர்க்கங்கொடியை மென்றுகொண்டிருந்தது. ஒரு மழை பட்டதற்கே கொடி முழுக்கப் பூ விரிந்திருந்தது. படியேறி ஓடினேன். மாடி பெருக்கிக் கழுவிச் சுத்தமாக இருந்தது. மண்ணை எல்லாம் காம்பவுண்டு ஓரம் கொட்டி, காலி வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன், கீழே இறங்கிப் போக மட்டும் கூச்சமாக இருந்தது.

மறுநாளே பழைய வெயில் திரும்பி வந்துவிட்டது, மழை பெய்த சுவடே இல்லை. வெறும் மாடியில் மெத்தையைப் போட்டு வைத்தோம். திருப்பித் திருப்பிப் போட்டதில் நன்றாகவே காய்ந்துவிட்டது. ஒரு கறைகூட இல்லை. அதைத் தட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அதற்கு மேல் தாங்காமல் கீழே போனேன்.

அருள்செல்வி ஆஸ்பத்திரிப் புடவையைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பி நின்றிருந்தாள். "படுத்துட்டாருக்கா" என்றாள். என்னைத் திட்டினாலாவது பரவாயில்லை. திட்டவில்லை.

"அருளு, துணிய அடைக்கச் சொன்னதே நான்தாண்டி."

"தெரியும்க்கா. அன்னிக்கே சொன்னாரு. நான்கூட மேல வந்து ஒங்களாண்ட கேக்கறேன்னு கெளம்புனேன். 'சம்பந்திக்காரங்க எதுர்ல அந்தம்மா வேற இன்னா பேசும், வுடு'ன்னுட்டாரு."

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் உள்ளே போனேன். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"அண்ணே, புத்தி கெட்டுப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க. மறுபடியும் வைக்கலாம்ணே. மண்ணு அங்கயேதான் கீது. நானே தூக்கியாறேன்."

தூங்குகிறாரோ என்று நினைத்தேன்.

"மேல இன்னும் ஒழுவுதாம்மா?" என்றார், திரும்பாமலே.

"இல்லண்ணே" என்றேன். கட்டில் விளிம்பில் அவர் கால் நீட்டிக்கொண்டிருந்தது. விரல் இடுக்கில் மாடி மண் இன்னும் கழுவாமல் காய்ந்திருந்தது.