காவினா, காவானா

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஆறு மாதம். தீபாவளிக்கு முந்தின நாள் என் ஜவுளிக்கடையில் விழும் கூட்டம் அன்று பிரஜா உரிமைப் பதிவு அலுவலகத்தில் விழுந்திருந்தது. தள்ளுமுள்ளு, வியர்வை, சிரிப்பு. சாட்சி சொல்ல வந்த எனக்குக் கை பரபரவென்றது.

என் கடைக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கும், என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் சுப்பையனுக்குத்தான் சாட்சி. அவனும் கலியாணசுந்தரமும் பதினோரு வருஷமாக ஒரே கடை, மாடியில் ஒரே அறை, ஒரே கட்டில். எங்கள் காஜா பேராங் தெரு அவர்களைக் கூட்டாளிகள் என்றது; நானும் அப்படியே சொன்னேன். எந்தச் சரக்குக்கு எந்த லேபிள் ஒட்டினால் கேள்வி வராது என்று தெரியாதவன் ஜவுளி விற்க முடியுமா?

இந்தியாவில் இன்னோர் ஆளோடு பிடிபட்ட சுப்பையனை மாட்டுக் கொட்டகையில் கட்டிவைத்து அடித்தவர் அவன் அண்ணன் மாணிக்கவாசகம். அதற்குப் பயந்துதான் கப்பலேறி வந்தான். இப்போது அந்த அண்ணனே, ஊரில் ஒரு பெண்ணை நிச்சயம் செய்துவிட்டு, இரண்டு கப்பல் டிக்கெட்டோடு வந்து இறங்கியிருந்தார். மலாயாவில் தங்குவதற்கான சுப்பையனின் பெர்மிட்டையும் பிடுங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டார்.

“பெர்மிட் இல்லாம எத்தன நாளுடா இங்க நிப்பே?”

பிரஜா உரிமைத் தாள் கிடைத்தால் பெர்மிட்டே வேண்டாம். கிடைக்காவிட்டால் சனிக்கிழமை கப்பல்.

மலாய் அதிகாரி கேட்டார். எத்தனை வருஷம்? பதினொன்று. எங்கே குடியிருப்பு? காஜா பேராங். முத்திரைக் கட்டை மேலே எழும்பியது. என் நெஞ்சும் கூடவே எழும்பியது.

“சூடா காவின்?” கல்யாணம் ஆகிவிட்டதா என்கிறார்.

சுப்பையன் நிமிர்ந்து நின்றான். “சூடா, துவான். பதினோரு வருஷம். கலியாணசுந்தரம்.”

முத்திரை அந்தரத்தில் நின்றது.

பக்கத்து மேசைக் கிராணி கருணாகரன் பேனாவைக் கீழே வைத்தான். “கலியாணம் ஆச்சான்னா கலியாணசுந்தரம்ங்கிறான்! அது பொண்ணு பேரா, ஐயா?”

“எங்க பக்கம் அந்தப் பேருக்கு மீசை இருக்கும்!” என்றாள் வரிசையில் நின்ற அஞ்சலை. அலுவலகமே சிரித்தது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

நான் பாய்ந்தேன். “துவான், தமிழன் காது! நீங்க காவின்னு கேட்டது இவனுக்குக் காவான்னு விழுந்திருச்சு!” காவான் என்றால் கூட்டாளி. “கூட்டாளி பேரைச் சொல்றான். ஆளு புஜாங், துவான், சுத்தப் புஜாங்! இந்த மூஞ்சிக்கு யார் பொண்ணு குடுப்பா?”

அதிகாரி ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடி நழுவும்வரை சிரித்தார். ‘புஜாங்’, கல்யாணமாகாதவன், என்று எழுதினார்.

டொக்!

வெளியே மரத்தடியில் மாணிக்கவாசகம் காத்திருந்தார். தாளைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

“அண்ணே, ஒரு டிக்கெட்டு மிச்சமாச்சே, பாதி விலைக்குத் தருவீங்களா?” என்றேன்.

“மானங்கெட்ட பயலே, உன் பெர்மிட்டக் கிழிச்சுப் போடுறேன் பாரு!”

“வேண்டாம்ணே, நீயே வச்சுக்க,” என்றான் சுப்பையன். “என் ஞாபகமா.”

அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். எதிர்ப்புறம் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற கலியாணசுந்தரத்திடம் ஓடினோம். நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

“ஏண்டா, பதினோரு வருஷமா மலாய்க்காரங்ககிட்டப் பேரம் பேசறே. காவினுக்கும் காவானுக்கும் வித்தியாசம் தெரியாதா?”

“தெரியும், நானா.”

என் சிரிப்பு பாதியில் நின்றது.

“சர்க்கார் மேசையில ஒரு தடவையாச்சும் சொல்லிப் பாக்கணும்னு இருந்துச்சு. கேட்டாரு, சொல்லிட்டேன்.”

“அடப்பாவி! ஜெயிலுக்குப் போயிருப்பியேடா! சாட்சி சொன்ன நானும்ல கூட வந்திருப்பேன்!”

கலியாணசுந்தரத்துக்குக் காது சிவந்துவிட்டது. “என் பேரையா சொன்னே?”

“முழுப் பேரு.”

அவன் சைக்கிளைத் திருப்பினான். சுப்பையனை முன்கம்பியில் உட்காரவைத்து மிதித்தான். கூட்டத்துக்குள் புகுந்து, காஜா பேராங் பக்கம் திரும்பி மறையும்வரை, சைக்கிள் மணியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.