பயத்துக்கு வைத்த பேர் தாழ்மை

அந்தத் தையல் கம்பெனியில் அவளுடைய சொந்தப் பேரைச் சொல்லித் தேடினால் வாசல் காவலாளிக்கே தெரியாது. இடக்கை என்று கேட்டால் உடனே மேசையைக் காட்டிவிடுவார். அவள் எழுதுவதும் சாப்பிடுவதும் எல்லாரையும்போல வலது கையால்தான். ஆனாலும் பேர் இடக்கை.

பேரை வைத்த புண்ணியவான் கட்டிங் மாஸ்டர். ஒரு காலத்தில் அவளும் அவர் பக்கத்தில் நின்று மெஷின் கத்தி பிடித்தவள்தான். பள்ளிச் சீருடைச் சட்டை ஒன்றுக்குக் கை வரையும்போது, இடக்கையை வரைந்த பிறகு அளவு அட்டையைப் புரட்டிப் போட்டு வலக்கையை வரைய வேண்டும் என்கிற அரிச்சுவடிப் பாடத்தை மறந்துபோனாள். வரைந்ததோடு விட்டாளா? துணி அடுக்கு முழுவதையும் தானே வெட்டியும் வைத்தாள். மேசை நிறைய இடக்கை. வலக்கைக்கு ஒரு துண்டு கிடையாது. அந்தச் சட்டையைப் போட வேண்டுமானால் பிள்ளைகளுக்கு இடப்பக்கமே இரண்டு கை முளைத்திருக்க வேண்டும்.

மாஸ்டர் அன்றைக்குத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இரண்டு இடக்கையைத் தன் இரண்டு தோளிலும் தொங்கவிட்டுக்கொண்டு தையல் வரிசை முழுக்க ஒரு நடை நடந்து காட்டினார். வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. தப்பு செய்யாத உத்தமிகள் அல்லவா எல்லாரும்! தினமும் பிரித்துத் தைப்பதற்கென்றே ஒரு கூடை நிறையச் சட்டை வைத்திருந்தவள்தான் அதிகமாகச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவள் கத்தியைத் தொடவில்லை. துணி வீணாகாமல் அட்டைகளைத் தாளில் நெருக்கி வரையும் மார்க்கிங் வேலையோடு நின்றுகொண்டாள். வரைந்ததைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். பார்த்ததை இன்னொருத்தியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வாள். வெட்டச் சொன்னால், ‘எனக்கு அது வராது’ என்பாள்.

கம்பெனியில் கேலி என்றால் ஜெபக்கூட்டத்தில் பாராட்டு. மாடி வீட்டில் இருந்த அவளுடைய நாத்தனார்தான் அந்தக் கூட்டத்தை நடத்தினாள். ‘நான் ஒண்ணுக்கும் ஆகாதவ’ என்று ஒரு நாள் இவள் அங்கே அழுதுவிட, கூட்டம் உருகிப்போனது. என்ன தாழ்மை, என்ன தாழ்மை! பயந்தாங்கொள்ளியைப் பக்திமான் ஆக்குவதில் அவர்களுக்கு நல்ல பழக்கம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கிடக்கிற சொந்தக்காரரைப் போய்ப் பார்க்கச் சோம்பலாக இருந்தால் ‘கர்த்தருக்குச் சித்தம் இல்ல’ என்பார்கள். யாராவது உதவி கேட்டால் ‘ஜெபிச்சிட்டுச் சொல்றேன்’ என்பார்கள். ஜெபித்தார்களா, என்ன பதில் வந்தது என்று யாரும் கேட்கக் கூடாது. இவளும் அந்தப் பாஷையைச் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு ராத்திரியும் முழங்காலில் நின்று, ‘என்னால முடியாதுன்னு உங்களுக்கே தெரியும் ஆண்டவரே, என்னை இப்படியே விட்டுடுங்க’ என்று கண்ணீர் விட்டாள். அழுத பிறகு நன்றாகத் தூக்கம் வந்தது.

மேனேஜர் அவளைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். கையிலிருந்த போனிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

“மாஸ்டர் மாசக் கடைசியோட போறார். வேற கம்பெனி. மார்க்கிங் தாள் இனிமே கம்ப்யூட்டர்லயே அச்சாகி வந்துடும். உங்களுக்கு அந்த மேசையில வேலை இல்ல.”

“சார்...”

“நாளைக்கு மழைக்கோட்டுத் துணி விரிக்கறாங்க. நீங்க வெட்டிக் காட்டினா கட்டிங் உங்களுக்கு. இல்லன்னா பிசிறு வெட்டப் போயிடுங்க.”

பிசிறு வெட்டும் இடம் கழிவறைக்குப் போகும் வழியில் இருந்தது. தைத்து முடித்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பெனிக்கு யாரைப் பிடிக்கவில்லையோ அவர்களை அங்கே உட்கார்த்துவார்கள். தானாக வேலையை விட்டுப் போகிறவரைக்கும் உட்கார்ந்திருக்கலாம். அங்கே போனவர் யாரும் மேசைக்குத் திரும்பி வந்ததில்லை.

“ஜெபிச்சிட்டுச் சொல்றேன் சார்,” என்றாள். வாய் தானாகவே சொல்லிவிட்டது.

“யாரை வேணா கேளுங்க. காலைல எனக்குப் பதில் வேணும்.”

சாயங்காலம் நாத்தனாரிடம் சொன்னதும் அவள் கண்ணை மூடி, உதட்டை அசைத்து, உடனே திறந்தாள். அவ்வளவு சீக்கிரம் பதில் வருவது நாத்தனாருக்கு மட்டும்தான்.

“வேண்டாம்னு சொல்லிடு. கர்த்தர் உன்னை மறைவான எடத்துல வெச்சிருக்கார். பெரிய எடத்துக்கு ஆசைப்படாத. மறுபடி அதே மாதிரி வெட்டித் தொலைச்சா நம்ம குடும்பத்துக்குத்தான் கேவலம்.”

“நானும் அதான் அண்ணி நினைச்சேன்.”

“இந்தத் தாழ்மைதான் உன்கிட்ட எனக்குப் பிடிச்சது,” என்று நாத்தனார் அவள் தலையைத் தடவினாள். நாயைத் தடவுகிறவர்கள்கூட இன்னும் கொஞ்சம் மரியாதையாகத் தடவுவார்கள்.

காலையில் முடியாது என்று சொல்லிவிடுகிற முடிவோடுதான் போனாள். மேனேஜர் இன்னும் வரவில்லை. கட்டிங் மேசையில் மழைக்கோட்டுத் துணி அடுக்கடுக்காக விரிந்து கிடந்தது. நைலான். கை பட்டாலே வழுக்கும். மேலே அச்சடித்த தாளை ஒட்டி, ஓரமெல்லாம் கவ்வி போட்டிருந்தார்கள். மாஸ்டர் டீ குடித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது.

“முடியாதுன்னு சொல்ல வந்திருக்க. தெரியும். போ, பிசிறு உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு.”

அவள் மேனேஜர் அறைப் பக்கம் பார்த்தாள்.

“ஆமா, உங்க சாமி மரவேலை பார்த்தவராமே? அளவெடுக்கறது, கோடு போடறது எல்லாம் தெரிஞ்சிருக்குமே? பாவம், அவராலயும் உன்னை ஒண்ணும் பண்ண முடியல பாரு.” தன் நக்கலைத் தானே ரசித்துச் சிரித்தார். “இடக்கை விஷயத்துல கடவுளே கையை விரிச்சிட்டார்!”

அவளுக்குச் சுரீர் என்றது. இத்தனை காலம் அவளை என்ன சொன்னபோதும் மென்று விழுங்கியிருக்கிறாள். தன்னை மட்டமாகப் பேசினால் அதில் பாதி உண்மைதானே என்று அவளே ஒத்துக்கொள்வாள். இது அப்படியில்லை. ஆண்டவரையே சொல்லிவிட்டான். விறுவிறுவென்று துணி உருளைகள் நிற்கும் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

“இந்த ஆளு உங்களை என்ன பேசறான் பார்த்தீங்களா?” என்று ஆண்டவரிடம் மூச்சு வாங்கப் புகார் சொன்னாள். “உங்களால முடியலையாம். என்னைத் திருத்த உங்களாலயே முடியலன்னு சிரிக்கறான். இவனை நீங்க சும்மா விடலாமா? நான் என்ன பண்ணுவேன், என்னால முடியாதுன்னு உங்களுக்கே...”

அங்கே வார்த்தை நின்றுபோனது.

மாஸ்டர் என்ன சொன்னார்? கடவுளாலும் இவளை ஒன்றும் செய்ய முடியாது என்றார். ஒரே ஒரு தடவை, டீ குடித்துக்கொண்டே, நக்கலாகச் சொன்னார். இவள் அதையேதான் ஒவ்வொரு ராத்திரியும் முழங்காலில் நின்று, கண்ணீரோடு, ஆண்டவர் முகத்துக்கு நேராகவே சொல்லிக்கொண்டிருந்தாள். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரே என்று ஆரம்பித்து, ஆனால் என் கை உங்கள் சக்திக்கு அப்பாற்பட்டது என்று முடிப்பாள். கடலையே பிளந்தவருக்கு நைலான் துணியைப் பிளக்கத் தெரியாதாம். செத்தவனை எழுப்பினவருக்கு இவளை ஒரு மேசைக்கு முன்னால் நிறுத்த வக்கில்லையாம். இதற்குப் பேர் தாழ்மையாம்!

“அடச்சீ,” என்றாள்.

மாஸ்டர் மேல் வந்த ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. இப்போது தன் மேல்தான் எரிச்சல். இத்தனை நாள் தான் ஏதோ ஒன்றுமில்லாதவள் என்று நினைத்திருந்தாள். ஒன்றுமில்லாதவளா? கடவுளுக்கே எல்லை போட்டுக் கொடுத்த பெரிய மனுஷி! உருளைகளுக்கு நடுவில் நின்று, அழ வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டாள்.

“மன்னிச்சிடுங்க. உங்களை நான் இவ்வளவு மட்டமா நினைச்சிருந்தேன்னு எனக்கே தெரியாது. வாங்க, போகலாம்.”

அவ்வளவுதான் ஜெபம். ஆமென்கூடச் சொல்லவில்லை.

திரும்பி வந்து, இரும்பு வலைக் கையுறையை இடது கையில் மாட்டிக்கொண்டாள். மெஷினை வலது கையில் பிடித்தாள். மாஸ்டர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

அவள் ஒன்றை எதிர்பார்த்தாள். கூட்டத்தில் கேட்ட சாட்சிகளிலெல்லாம் ஜெபம் முடிந்த அடுத்த நொடி பயம் பறந்துவிடும், கை இரும்பாகிவிடும், உள்ளே சமாதானம் ஆறாக ஓடும். இவளுக்கு ஆறும் ஓடவில்லை, குளமும் நிரம்பவில்லை. கை வெடவெடவென்று நடுங்கியது. மெஷினைப் போட்டதும் அதன் அதிர்வும் சேர்ந்துகொண்டது. அப்படியே முதல் கோட்டில் கத்தியை விட்டாள்.

முதுகுத் துண்டு நேர்க்கோடு. ஒழுங்காக வந்தது. அடுத்தது கை பொருத்தும் வளைவு. பாதி வளைவில் துணி லேசாக வழுக்க, கத்தி கோட்டை விட்டு விலகிப் போனது. மெஷினை நிறுத்தினாள். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. தையல் வரிசையில் இரண்டு மெஷின் நின்றது. கழுத்துகள் திரும்பின.

மாஸ்டர் பக்கத்தில் வந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. குரலில் சர்க்கரை சொட்டியது.

“போதும்மா. இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு. குடு, மீதியை நான் வெட்டிடறேன். மேனேஜர்கிட்ட நல்லவிதமா சொல்றேன்.”

இத்தனை காலத்தில் அவர் முதல்முறையாக அவளை அம்மா என்கிறார். பழைய எகத்தாளத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம்போல, இந்த இரக்கம் ஆளை அப்படியே கரைத்தது. கையைத் தளர்த்தினால் போதும். எல்லாரும் பாவம் என்பார்கள். ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும். கை தளரவும் தொடங்கியது.

அப்போது கோட்டைப் பார்த்தாள். கத்தி விலகியது உள்பக்கமாக இல்லை, வெளிப்பக்கமாக. உள்ளே போயிருந்தால் துண்டு சின்னதாகிவிடும், அடுக்கு முழுக்கப் பாழ். வெளியே போனால் கொஞ்சம் கூடுதலாக நிற்கும், திரும்ப வந்து செதுக்கிக்கொள்ளலாம். இது மாஸ்டருக்கும் தெரியும். அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் சர்க்கரையோடு வந்திருக்கிறார்.

தப்பே வராமல் காப்பாற்றுங்கள் என்று அவள் கேட்டிருந்தால் இந்த இடத்தில் ஓடியிருப்பாள். நல்ல வேளை, வாங்க போகலாம் என்றுதான் கூப்பிட்டிருந்தாள். கூப்பிட்டவரை நடுவழியில் நிறுத்திவிட்டுத் திரும்புவது எப்படி?

“தள்ளி நில்லுங்க மாஸ்டர். வெளிச்சம் மறைக்குது.”

கத்தியைப் பின்னால் இழுத்து, விலகின இடத்தைச் செதுக்கினாள். வளைவு சரியானது. கவ்வியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டு மேலே போனாள். முன் துண்டு, தொப்பி, பை, கை. நடுக்கம் கடைசிக் கோடுவரை கூடவே வந்தது. அது பாட்டுக்கு நடுங்கட்டும் என்று அவள் அதைக் கண்டுகொள்வதை விட்டுவிட்டாள்.

மாஸ்டர் ஒவ்வொரு குவியலிலும் மேல்துண்டையும் அடித்துண்டையும் உருவி ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். வழுக்கும் துணியில் அடியில் இருப்பதுதான் நகர்ந்துவிடும். நகர்ந்திருக்கவில்லை. மறுபடி உருவினார், மறுபடி வைத்தார். குற்றம் கண்டுபிடிக்கவே பிறந்தவருக்கு ஒன்றும் அகப்படாவிட்டால் முகம் எப்படி ஆகும்? அப்படி ஆனது.

“கத்தி நல்ல கத்தி. நேத்துதான் சாணை பிடிச்சேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேனேஜர் வந்து குவியலைப் பார்த்தார், “ம்” என்றார். “நாளையிலேர்ந்து இந்த மேசையைப் பார்த்துக்குங்க,” என்றார். மறுபடி போனுக்குள் போய்விட்டார். அவருக்கு அதற்குமேல் சந்தோஷப்படத் தெரியாது.

அந்த ஞாயிறு நாத்தனார் வீட்டுக் கூட்டத்தில் பாய் விரிக்க இடமில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடு என்ற அதே வாய், இப்போது எழுந்து நின்று, “எங்க குடும்பத்துல கர்த்தர் ஒரு பெரிய காரியம் செஞ்சிருக்கார், எத்தனையோ நாளா நான் இதுக்காகப் போராடி ஜெபிச்சேன்,” என்று ஆரம்பித்தது. கூட்டம் தலையை ஆட்டியது. நாத்தனாருக்கு முகம் கொஞ்சமும் சிவக்கவில்லை.

“நீயே சாட்சி சொல்லு. மெஷினைத் தொட்டதும் பயம் போயிடுச்சுல்ல?”

அவள் எழுந்தாள். “போகல அண்ணி.”

“கை நடுக்கமாவது நின்னிருக்குமே?”

“கடைசிவரைக்கும் நடுங்கிச்சு.”

“சரி, ஒரு தப்பும் வராம காப்பாத்தினார்ல?”

“தப்பு வந்துச்சு. பாதி வளைவுல கோணிடுச்சு.”

கூட்டத்தில் யாரோ சொல்ல வந்த ஸ்தோத்திரம் வாயிலேயே நின்றது. நாத்தனாருக்கு ஊர் முன்னால் மானம் போகிற எரிச்சல்.

“பயத்தை எடுக்கல, நடுக்கத்தை எடுக்கல, தப்பையும் தடுக்கல. அப்ப கர்த்தர் என்னதான் செஞ்சார்?”

“கத்தியைக் கீழ வைக்க விடல அண்ணி,” என்றாள்.