சமத்துப் பிள்ளை

காப்பகத்தில் பிள்ளைகளுக்குக் காதுச் சோதனை நடக்கிற நாளில் மணியடிப்பது மேடத்தின் வேலை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைக் கல் மாதிரி வைத்திருப்பது இவள் வேலை. பின்னால் நின்று மேடம் கட்டைவிரல் அளவு மணியை ஒருதரம் ஆட்டுவார். பிள்ளை திரும்பினால் தாளில் ஒரு கோடு. இவள் கண் மணிப்பக்கம் போனால் அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டே பிள்ளை திரும்பிவிடும், அது செல்லாது. அதனால் எதிர்ச்சுவரை முறைத்துக்கொண்டிருந்தாள். சுருட்டை திரும்பினான். தொப்பை திரும்பினான். மூக்கொழுகி திரும்பி, மணியைப் பிடுங்கி வாயிலும் வைத்துக்கொண்டாள். மகாராணி மட்டும் இரண்டாம் தரம்தான் திரும்பினாள்; அதற்கே மேடம் தாளில் தனியாக ஏதோ எழுதிக்கொண்டார்.

இந்த நாலு பேரும்தான் இவள் பொறுப்பு. நாலு பிள்ளைக்கு ஓர் ஆள் என்பது இந்த நாட்டுச் சட்டம். ஐந்தாவது பிள்ளை வாசலில் வந்து நின்றால் இன்னோர் ஆள் வரும்வரை உள்ளே எடுக்க மாட்டார்கள். எத்தனை மணிக்குத் தூங்கியது, எப்போது எழுந்தது, புதிதாக என்ன வார்த்தை சொன்னது, எல்லாம் தாளில் ஏறவேண்டும். பிள்ளை மூத்திரம் போனதற்கெல்லாம் ஒரு கையெழுத்தா என்று வந்த புதிதில் இவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஊரில் இவள் தங்கச்சிக்கும் காப்பக வேலைதான். ஒரே கூடம், இருபத்தெட்டுப் பிள்ளைகள், தங்கச்சி ஒருத்தி. உதவிக்கு ஓர் ஆள் வருவாள் என்று சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது, வந்தபாடில்லை. அந்த இருபத்தெட்டில் ஒன்று இவள் மகள். பதின்மூன்று மாதப் பிள்ளையாகத் தங்கச்சி இடுப்பில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினாள், பதினோரு மாதம் ஓடிவிட்டது. புருஷன் என்று ஒருத்தன் இருந்தான், இருந்தும் பிரயோசனமில்லை. இப்போது இருக்கவும் இல்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். சொன்னவன் வாயில் சர்க்கரையைப் போட வேண்டும், இல்லையென்றால் மண்ணைப் போட வேண்டும்.

"உங்க பொண்ணுக்கும் ரெண்டு வயசு ஆகப்போகுதில்ல?" தாளை அடுக்கிக்கொண்டே மேடம் கேட்டார். "எத்தனை வார்த்தை பேசுறா?"

"அவ ரொம்பச் சமத்து மேடம். காப்பகத்துல பேரே சமத்துதான். அழ மாட்டா, கூப்பாடு போட மாட்டா. சத்தமே வராது."

பெருமையாகத்தான் சொன்னாள். மேடம் சிரிக்கவில்லை.

"பின்னாலேந்து கூப்பிட்டா திரும்புவாளா?"

ஃபோனில் பார்க்கிற பிள்ளையைப் பின்னாலிருந்து எப்படிக் கூப்பிடுவது?

"இப்பவே பேசிட்டு வாங்க. நேரமானாலும் பரவாயில்ல, இவங்கள நான் பாத்துக்கறேன்."

டயப்பர் பெட்டிகள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இங்கே காலை, அங்கே மதியம், பிள்ளைகள் தூங்குகிற நேரம். தங்கச்சி எடுத்ததுமே குசுகுசுவென்று பாய்ந்தாள்.

"இப்பதான்க்கா ஒவ்வொண்ணா தூங்க வச்சிருக்கேன். என்ன விஷயம்?"

"சமத்து முழிச்சிருக்காளா?"

"அவ எங்க தூங்கறா? அந்த மூலையில உக்காந்து மூடிய உருட்டிட்டிருக்கா. தொல்லையே இல்ல."

"அவ பின்னால போய் நின்னு கூப்பிடுடி."

"உனக்கென்ன பைத்தியமா?"

"கூப்பிடுடின்னா!"

தங்கச்சி போய் நின்று கூப்பிட்டாள். ஃபோனில் மகளின் பிடரி மட்டும் தெரிந்தது. செல்லப்பேர், முழுப்பேர் எல்லாம் சொல்லிக் கூப்பிட்டாள். கையைத் தட்டினாள். மூடி உருண்டுகொண்டே இருந்தது.

"வெளையாட்டுக் கவனம்க்கா."

"ஒரு தட்ட எடுத்துக் கீழ போடு."

"ஐயோ, எல்லாம் எந்திரிச்சிரும்!"

"போடுடி. உன் கால்ல விழறேன்."

தட்டு விழுந்த சத்தம் இந்த அறையில் இவள் காதையே அறுத்தது. கூடம் முழுக்கத் தூக்கிப் போட்டாற்போல் பிள்ளைகள் எழுந்தன. ஒன்று வீல் என்றது, உடனே பத்து, உடனே எல்லாம். தட்டு சுழன்று சுழன்று சமத்துவின் முதுகுக்கு ஒரு சாண் தள்ளி அடங்கியது. அவள் மூடியை நிமிர்த்தி வைத்து மறுபடி உருட்டிவிட்டாள்.

தங்கச்சி அழுகைச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னாள்.

"அந்தக் காய்ச்சல்லேந்துதான்க்கா. ஒரு வாரம் கொதிச்சுதே. அப்புறம்தான் அழறதையே விட்டுட்டா. தெளிஞ்சு சமத்தாயிட்டான்னுதான் நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்."

தங்கச்சியை எப்படித் திட்டுவது? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இருபத்தேழு அழும்போது அழாத ஒன்றை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? இவளே என்ன செய்தாள்? விட்டுவந்தபோது 'அம்மா', 'தா' என்று மகளுக்கு இரண்டு வார்த்தைகள் இருந்தன. அவை நின்றபோது, நான் விட்டுட்டு வந்த கோபம், பிடிவாதக்காரி, என்னை மாதிரி என்று உள்ளூரச் சந்தோஷப்படக்கூடச் செய்தாள்.

இங்கே இப்படிக் காய்ச்சல் வந்து எழுந்த பிள்ளைக்குக் காதைச் சோதிக்காமல் விடமாட்டார்கள். கேட்கவில்லையென்றால் கருவி மாட்டி, வாரம் இரண்டு நாள் வீட்டுக்கே ஒரு டீச்சரை அனுப்புவார்கள். மூன்று வயதுக்குள் காதில் விழாத பேச்சு அப்புறம் நாக்கில் ஏறுவது கஷ்டம் என்று இவளுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒப்பித்து முதல் மார்க் வாங்கியிருந்தாள்.

"நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ."

"போய்? பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காது பாக்க ஒன்பது மாசங்கழிச்சு வரச்சொன்னாங்க. இங்க நான் ஒருநாள் வரலன்னா கூடத்தப் பூட்டிருவாங்க. இருபத்தேழு அம்மாவும் எங்க போவாங்க?" தங்கச்சி மூக்கை உறிஞ்சினாள். "நீ வாயேன்க்கா."

ஒப்பந்தம் முடிய இன்னும் பதின்மூன்று மாதம். பாஸ்போர்ட்டோ ஏஜென்ட்டின் பீரோவில். நடுவில் எழுந்து போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். தங்கச்சி சம்பளம் வாடகைக்கே சரி; இவள் சம்பாதிக்காவிட்டால் அங்கே இரண்டு பேருக்கும் சோறில்லை, இதில் காதுக்குக் கருவி எங்கே வாங்குவது? ஒப்பந்தம் முடிந்து போகும்போது மகளுக்கு மூன்று வயது தாண்டியிருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். "பாக்கறேன்" என்று சொன்னாள். பார்க்க ஒன்றுமில்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

"ஒண்ணு வாந்தியெடுக்குதுக்கா, இரு" என்று தங்கச்சி ஃபோனைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினாள்.

மகள் அப்போதுதான் அம்மாவைக் கண்டாள். முகம் மலர, உட்கார்ந்தபடியே நகர்ந்து ஃபோனுக்கு நேரே வந்து உட்கார்ந்தாள். தினமும் இப்படித்தான் உட்காருவாள். இவளும் தினமும் ஆராரோ பாடுவாள். என் பாட்டை என்ன கவனமாய்க் கேட்கிறது என்று தங்கச்சியிடம் பீற்றிக்கொள்வாள். இப்போதும் பழக்கத்தில் வாய் திறந்துகொண்டது. இரண்டு அடி பாடியபிறகுதான் உறைத்தது. நிறுத்தினாள்.

அதுவரை இவளோடு சேர்ந்து சத்தமில்லாமல் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த மகளின் வாயும் நின்றது. பின்னால் கூடமே அழுதுகொண்டிருந்தது. மகள் கொஞ்சம் காத்துப் பார்த்தாள். அம்மாவின் வாய் அசையவில்லை. கையை நீட்டி, ஃபோனில் அந்த உதடு இருந்த இடத்தை ஒற்றை விரலால் அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள். இவளுக்கு அந்த விரலைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.