மொட்டு விரியும்வரை

"தண்ணி குடுக்காதீங்க, புரையேறிடும்," என்றாள் அவள். வழிகாட்டி குப்பியை மூடினார். சுமைக்காரரின் முதுகில் சாய்ந்திருந்த அப்பாவின் மூச்சு களகளத்தது. மலையின் உயரம் ஒத்துக்கொள்ளாமல் நுரையீரலில் நீர் கோத்திருந்தது. பத்து வருடமாக நர்ஸாக இருப்பவளுக்கு அதை யாரும் சொல்லத் தேவையில்லை.

முந்தாநாளே அவளுக்குத் தெரிந்திருந்தது. மரம் முளைக்காத உயரம். பாறை இடுக்கில் விரல் நீளம்கூட இல்லாத ஒரு செடி, இலையெல்லாம் வெள்ளை மயிர், நடுவே ஒரே ஒரு மொட்டு. முப்பது வருடம் தபால் நிலையத்தில் முத்திரை குத்திவிட்டு, ஓய்வுபெற்ற மறுமாதமே கேமராவோடு மலையேறத் தொடங்கியவர் அப்பா. அளவுக்குச் சுண்டுவிரலைப் பக்கத்தில் வைத்து நாற்பது படம் எடுத்தார். போனிலும் இரண்டு எடுத்து, செடி ஆர்வலர் குழுவுக்கு அனுப்பப் பார்த்தார். சிக்னல் இல்லை. இடையிடையே இருமினார்.

"இறங்கிடலாம்ப்பா. இந்த இருமல் நல்லதுக்கில்ல."

"என் புஸ்தகம் எதுலயும் இது இல்லம்மா. பூவைப் பாத்தாத்தான் என்னன்னு சொல்ல முடியும். ஒரே ஒரு நாள்."

அதுவரை அவர் அவளிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. "ஒரு நாள்தான்," என்றாள்.

மறுநாள் முழுக்க மொட்டு வாய் திறக்கவில்லை. அதற்கடுத்த விடியலில் அப்பாவால் எழுந்து உட்கார முடியவில்லை.

இறங்கும் வழியில் ஓடையைத் தாண்டும்போது அந்தக் களகளப்பு நின்றது. இறக்கிக் கிடத்தி, கை மரத்துப்போகும்வரை நெஞ்சை அழுத்தினாள். "போதும்மா," என்று வழிகாட்டி தோளைத் தொட்டபோதும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஜீப் நிற்கும் சாலைக்கு வந்ததும் சிக்னல் கிடைத்தது. அவள் பையிலிருந்த அப்பாவின் போன் தானாகவே படங்களை அனுப்பிவிட்டது. சற்று நேரத்தில் யாரோ பதில் போட்டிருந்தார்கள்.

"சாதாரணச் செடிதான் சார். மேல குளிருக்குக் குள்ளமா, மயிரோட இருக்கும். கீழ ரோட்டோரம் பூராவும் பூத்துக் கெடக்குமே, பாக்கலியா?"

அவள் சாலையோரம் பார்க்கவில்லை.

அவளுடைய போன் அடித்தது. அம்மா.

"என்னடி, ரெண்டு பேர் போனும் போகவே இல்ல. இறங்கிட்டீங்களா?"

"இறங்கிட்டோம்மா."

"புதுசா எதாவது கெடச்சிருக்கும் உங்கப்பாவுக்கு, அதான் என் நெனப்பே இல்ல. அவர்கிட்ட குடு."

கம்பளியால் மூடிக் கிடத்தியிருந்த அப்பாவை அவள் திரும்பிப் பார்த்தாள்.

"தூங்குறாரா? சரி, எழுப்பாத. எவ்ளோ அலைஞ்சாரோ."

"சரிம்மா."

ஜீப்காரர் பின்சீட்டை மடக்கிவிட்டு, அந்த இடத்தை ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.