தட்டு வைத்த கை

காது கேட்காத நாய்க்கு மணி என்று பேர் வைத்தவர் மன்னார்க் கரையோர ஊரான வங்காலையில் யாகப்பர் ஒருவராகத்தான் இருக்கும். கூப்பிட்டால் வராத நாய்க்குப் பேர் எதற்கு என்று மனைவி லூசியா கேட்டதற்கு, அவளும்தான் கூப்பிட்டால் வருவதில்லை, அவளுக்குப் பேர் இல்லையா என்று திருப்பிக் கேட்டார். அவருக்கு வாய் அப்படி. அந்த வாய் மூடி ஆறு நாள் ஆகிவிட்டது.

ஒவ்வொரு நாளும் அவர் கடலுக்குப் போகுமுன் லூசியா அவருடைய நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டு அனுப்புவாள். கலியாணம் கட்டி முப்பத்துநான்கு வருடம், ஒருநாளும் தவறியதில்லை. சண்டை பிடித்த நாட்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது போட்டுவிடுவாள். அன்றைக்கும் போட்டாள். பத்து மணிக்கு அவரைப் படகிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்தவராம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு லூசியா சிலுவை போடவில்லை. கோவிலிலும் சரி சேமக்காலையில் குழியடியிலும் சரி, எல்லாரும் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனபோது அவள் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருடமும் இந்தக் கையால் கேட்டது அவரைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரும் ஒரே ஒரு காரியம், அதையே செய்யாத ஆண்டவரோடு இனி என்ன கதை என்று அவளுக்குக் கோபம். பூசை வைத்த சாமியார் கண்டும் காணாதவர்போல் இருந்துவிட்டார்.

மகன் டிலோஜன் பிரான்சில். விசாச் சிக்கலால் வரமுடியவில்லை. செத்த வீட்டைத் தொலைபேசியில் பார்த்து அழுதான். வந்த சனமெல்லாம் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போனபிறகு மிஞ்சியது லூசியாவும் மணியும்தான். மணியோ சாப்பிடவில்லை.

அந்த நாயைக் குட்டியாகக் மீன்பிடிக்காரர் தங்கும் கடற்கரை வாடியிலிருந்து கொண்டுவந்தவர் யாகப்பர். உடம்பு முழுக்க வெள்ளை. நத்தார்ப் பண்டிகைக்கு, அதன் பக்கத்திலேயே சீனவெடி கொளுத்தியும் அசையாமல் நித்திரை கொண்டபோதுதான் அதற்குச் செவிடு என்று தெரிந்தது. அதன்பிறகு மனிதர் நாயோடு கையாலேயே கதைக்கத் தொடங்கினார். உள்ளங்கையைத் தாழ்த்தினால் குந்தி இருக்க வேண்டும். தொடையில் தட்டிக் காட்டினால் கிட்ட வரவேண்டும். பின்னால் நின்று கூப்பிடுவதென்றால் நிலத்தில் காலால் இரண்டு தரம் உதைப்பார். அதிர்வு தெரிந்து நாய் திரும்பிப் பார்க்கும். பெண்சாதியோடு நாலு வார்த்தை கதைக்க நேரமில்லாத மனுசன் நாய்க்கு முன்னால் நாள்முழுக்கக் கை ஆட்டிக்கொண்டு நிற்கிறார் என்று லூசியா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

செத்த வீட்டு நாட்களில் நாயை வாடியில் கட்டிவைத்திருந்தார்கள். அங்கே யார் யாரோ சோறு போட்டும் அது தொடவில்லையாம். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் அதே கதைதான். குசினி வாசலில் லூசியா தகரத் தட்டை வைப்பாள். மணி வந்து தட்டுக்கு முன்னால் இருக்கும். வாயால் வீணீர் வடியும். ஆனால் தட்டைப் பார்க்காது, அவளைப் பார்க்கும். அவளுக்குத் தெரிந்த சைகையெல்லாம் செய்துபார்த்தாள். இருந்தது, எழும்பியது, கிட்ட வந்தது, சோற்றில் மட்டும் வாய் வைக்கவில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டு கிடந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. எசமானோடு அதுவும் போகப்போகிறது என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். இதுவும் போனால் அந்த வீட்டில் மூச்சு விடுவதற்கு அவள் ஒருத்திதான்.

ஓட்டோ பிடித்து மன்னாருக்குக் கொண்டுபோனாள். மிருக வைத்தியர் நஸார் பொறுமையான ஆள். நாயின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமத்திப் பார்த்தார், பிறகு ஒரு பிஸ்கட்டை நிலத்தில் வைத்துவிட்டு நாயின் கண்ணையே கவனித்தார்.

"துக்கத்தில கிடக்கிற நாய் சாப்பாட்டைக் கண்டா முகத்தைத் திருப்பும் அம்மா. இது திருப்பேல்லை. எதையோ பாத்துக்கொண்டிருக்கு. அவர் சாப்பாடு குடுக்கேக்க என்ன செய்வார்?"

பின்பக்கத்தில், குசினி வாசற்படியில் இருந்துதான் யாகப்பர் நாயோடு சாப்பிடுவார். சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போய் டிவியில் நாடகம் பார்ப்பாள். முப்பத்துநான்கு வருடம் ஒரு மனிதனுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, அவன் எப்படிச் சாப்பிட்டான் என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் நிற்பது எவ்வளவு வெட்கம். திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் நாயை மடியில் வைத்துக்கொண்டு வழிநெடுக அழுதாள்.

அடுத்த நாள் மத்தியானம், யாகப்பரோடு ஒரே படகில் போகும் றொஷான் ஒரு கோர்வை விளைமீன் கொண்டுவந்தான். வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று லூசியா அவனை அதே வாசற்படியில் இருத்திச் சோறு போட்டாள். மணியின் தட்டும் பக்கத்தில் அப்படியே இருந்தது. றொஷான் சாப்பிடுமுன் சிலுவை போட்டான். சுருண்டு கிடந்த மணி துள்ளி எழும்பியது. தட்டுக்குக் கிட்ட வந்து நின்று, றொஷானை ஒருதரம் பார்த்துவிட்டு லூசியாவையே பார்த்தது.

றொஷானுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. யாகப்பர் அண்ணை வாடியிலும் இப்படித்தான், சிலுவை போட்டபிறகுதான் தானும் சாப்பிடுவார், நாயையும் விடுவார். கண்டவனும் நஞ்சு வைத்துவிடக்கூடாது என்று, தட்டு வைத்த ஆளின் கையை மட்டும் பார்க்கப் பழக்கியிருந்தார்.

"தட்டு வைச்சது நீங்கள். நீங்கள்தான் போடவேணும் அக்கா" என்றான்.

லூசியா கேட்காதவள்போல் மீனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். றொஷான் சாப்பிட்டுப் போகும்வரை வெளியே வரவில்லை.

பிறகு வந்து, நாய்க்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். முதலில் ஏமாற்றிப் பார்த்தாள். ஈ கலைப்பதுபோல் நெற்றிக்கு முன்னால் கையை வீசினாள். மணி அசையவில்லை. நெற்றியையும் நெஞ்சையும் தொட்டாள். அதன் உடம்பு முன்னுக்கு வந்தது, அவ்வளவுதான். அரைகுறையாகச் செய்வதை யாகப்பர் எந்தக் காலத்திலும் ஒத்துக்கொண்டதில்லை, அவருடைய நாய் மட்டும் ஒத்துக்கொள்ளுமா?

கையைத் தூக்கினாள். அவரை அனுப்பிவைத்த அதே கை. நெற்றியைத் தொட்டாள், நெஞ்சைத் தொட்டாள், இடது தோள், வலது தோள். மணி எழும்பி நின்றது. அப்போதும் சோற்றில் வாய் வைக்கவில்லை.

இன்னும் என்ன வேண்டும் என்று லூசியாவுக்கு ஆத்திரம் வந்தது. அடுத்த கணம் நினைவு வந்தது. கோவிலில், பக்கத்தில் முழந்தாளிட்டிருக்கும் யாகப்பர், சிலுவை போட்டு முடித்ததும் விரல் நுனிகளை உதட்டில் வைத்துச் சின்னதாக ஒரு முத்தம் கொஞ்சுவார். சத்தம் கேட்கிறது என்று அவள் முழங்கையால் இடிப்பாள்.

லூசியா விரல்களை உதட்டுக்குக் கொண்டுபோனாள். மணி சோற்றில் பாய்ந்தது.

அவளுக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. சுவரில் மாட்டியிருந்த ஆண்டவரின் திருஇருதயப் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது உமக்கில்லை. மணிக்கு" என்றாள்.

நாய் தின்றது. தட்டு சீமெந்து நிலத்தில் உரசி உரசிக் குசினிச் சுவர்வரை போனது. வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்க அவள் ஒருத்திதான் இருந்தாள்.