கெட்டி மண்

செலெரினோ படுக்கையறைச் சுவரில் காதை வைத்து, விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார். நான்கு நாளில் இது பன்னிரண்டாவது வீடு. அவர் மகள் நெரெய்டா, வீட்டுச் சொந்தக்காரி ஒதிலியாவைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தாள்.

"அப்பா, டாக்டர் மாதிரி பண்ணாதீங்க. சுவருக்கு ஒண்ணும் காய்ச்சல் இல்ல."

அவர் சிரிக்கவில்லை. மாடி ஏறியதிலிருந்தே அவளோடு பேசவில்லை.

கீழே தெருவில்தான் அந்தக் கோபம் ஆரம்பித்தது. நெரெய்டாவுக்கு மெக்சிகோ நகரத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்குள் குடியிருக்க ஓரிடம் பார்க்க வேண்டும். அவளுக்குப் பிடித்தது நகரத்தின் ரோமா பகுதி. மரம் கவிந்த தெருக்கள், வேலைக்கு நடந்தே போகலாம், வாடகைதான் பாதிச் சம்பளத்தைத் தின்னும். செலெரினோவுக்கு அந்தப் பெயரே ஆகாது. "ஏரியைத் தூர்த்துக் கட்டின இடம்மா. கீழ பூரா சேறு" என்பார். எண்பத்தைந்தாம் வருஷத்துப் பூகம்பத்தில் அவருடைய தம்பி ரோமாவில் ஐந்தாவது மாடி வீட்டோடு புதைந்து போனார். சொந்த ஊரான துஸ்பானிலிருந்து பஸ் பிடித்து வந்து, இடிபாட்டுக்கு முன்னால் நான்கு நாள் நின்றவர் செலெரினோ. அவருக்குத் திருப்தியானவையெல்லாம் நகரத்தின் தென்கோடியில், எரிமலைப் பாறைமேல் இருந்த வீடுகள். அங்கிருந்து வேலைக்குப் போக இரண்டு மணி நேரம், திரும்ப இரண்டு மணி நேரம்.

இன்று பார்க்க வந்த எஸ்காந்தோன் பகுதி இரண்டுக்கும் நடுவில் இருந்தது. தெருமுனையில் தமால் என்ற சோளமாவுக் கொழுக்கட்டை விற்றவளிடம் அவர், "இங்க மண்ணு கெட்டியாம்மா?" என்று கேட்டார்.

"மாவு கெட்டியான்னு கேளுங்க பெரியவரே, சொல்றேன்" என்றாள் அவள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நெரெய்டாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பிடிக்கலன்னா இங்கயே சொல்லிடுங்கப்பா. மூணு மாடி ஏறி, மூச்சு வாங்கி, அப்புறம் வேண்டாம்னு சொல்லாதீங்க. நாளைக்கே வேணா ஊருக்குக் கிளம்புங்க. நானே பாத்துக்கறேன்."

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினார். ஒரு படித்திருப்பத்திலும் நிற்கவில்லை.

படுக்கையறையை முடித்துவிட்டுச் சமையலறைக்குள் போனார். ஒதிலியா கேஸ் இணைப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். தட்டும் சத்தம் நின்றிருப்பதை நெரெய்டா கவனிக்கவே சிறிது நேரம் ஆனது. உள்ளே போனபோது அவர் ஜன்னலுக்குக் கீழே, சுவரில் முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள்.

ஆம்புலன்ஸ் பத்தே நிமிடத்தில் வந்தது. வந்தவர்கள் இருபது நிமிடம் போராடினார்கள். பிறகு அவர்களில் மூத்தவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். "இறப்புச் சான்றிதழ் டாக்டர்தாம்மா கொடுக்கணும்" என்றார். அவர்கள் இறங்கிப் போனார்கள்.

ஒதிலியா இரண்டாவது மாடியிலிருந்த தன் வீட்டுக்குப் போய் ஒரு தலையணையும் வெள்ளைப் போர்வையும் கொண்டுவந்தாள். கூடத்துத் தரையில் இருவருமாக அவரைக் கிடத்தினார்கள். காலி வீட்டில் அவர்கள் மூச்சுவிடுவதுகூடப் பெரிதாகக் கேட்டது.

நெரெய்டா ஊரிலிருந்த தன் தம்பி எவாரிஸ்தோவுக்கு போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள். "எத்தனையாவது மாடி?" என்றான் அவன்.

"மூணு."

"இதயத்துல கோளாறு இருக்கிற மனுஷனை மூணு மாடி ஏத்தினியா?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "வண்டி பிடிச்சு வரேன்" என்று அவன் வைத்துவிட்டான்.

அவள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். படுக்கையறைச் சுவரைத் தட்டி முடித்ததும் அவர் தலையை ஆட்டினாரா? மற்ற வீடுகளிலெல்லாம் மேலும் கீழுமாகவோ பக்கவாட்டிலோ ஒருமுறை ஆட்டுவார். இங்கே அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதேம்மா" என்றாள் ஒதிலியா. ஏப்ரன் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "டாக்டர் வந்தா, படிக்கட்டுல விழுந்துட்டார்னு சொல்லிடலாமா? வீட்டுக்குள்ளன்னா... நாளைக்கு யாரும் குடி வர மாட்டாங்க."

நெரெய்டா அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஒதிலியா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் மூலை மருந்துக்கடையை ஒட்டிய சிறு மருத்துவ அறையிலிருந்து வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. செலெரினோவைச் சோதித்தார், சட்டைப்பையிலிருந்த மருந்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து படிவத்தைத் தொடையில் வைத்துக்கொண்டார்.

"இதயம்தான். சந்தேகமில்ல. அடையாள அட்டைல துஸ்பான்னு இருக்கு. இங்க எப்படி?" அவர் கண்கள் வெறும் சுவர்களைச் சுற்றி வந்தன. "இது யார் வீடு?"

ஒதிலியா நெரெய்டாவைப் பார்த்தாள்.

"வீடு பாக்க வந்த இடத்துல இறந்தார்னா நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. போலீசுக்குத் தகவல் சொல்லணும். அவங்க கொண்டுபோய் அறுத்துப் பாப்பாங்க. நீங்க வெளிய காத்திருக்கணும். மூணு நாள் ஆகும், நாலு நாளும் ஆகும்."

"எங்க வீடு" என்றாள் நெரெய்டா. "எங்க வீடுதான் இது."

டாக்டர் பேனாவை மூடாமல் ஒதிலியாவைப் பார்த்தார். ஒதிலியா போர்வைக்கு வெளியே தெரிந்த செலெரினோவின் காலணிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகப் பாலிஷ் போட்ட, பழைய காலணிகள்.

"நேத்துதான் சாவி கொடுத்தேன்" என்றாள். "சாமானெல்லாம் திங்கக்கிழமை வருது."

"மாடி?"

"மூணு."

"பகுதி?"

"எஸ்காந்தோன். எழுதிக்குங்க. வீட்டுக்குள்ளதான் போனார். மகள் பக்கத்துல இருந்தா."

டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். ஒதிலியா கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"நான் பொய் சொன்னேன்னு நீ இங்க வந்தே ஆகணும்னு இல்ல. எங்க வேணா போ. இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"உங்க வீட்டுக்குப் பேர் கெட்டுடுமே."

"அறுபது வருஷக் கட்டடம். இதுல யாரும் சாகாமலா இருந்தாங்க? என் வீட்டுக்காரர் கீழ என் கட்டில்லதான் போனார்." ஏப்ரனால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "அவரைப் படிக்கட்டுலன்னு சொல்லச் சொல்லி யாராவது கேட்டிருந்தா, செருப்பைக் கழட்டியிருப்பேன்."

நெரெய்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது.

ஈமச்சடங்கு நிலையத்து ஆட்கள் மாலை ஐந்து மணிக்கு வந்தார்கள். படித்திருப்பங்கள் குறுகலானவை, ஒவ்வொன்றிலும் தூக்குப்படுக்கையை ஏறக்குறைய நிமிர்த்தித் திருப்ப வேண்டியிருந்தது. "பையப் பைய" என்று முன்னால் போனவன் சொல்லிக்கொண்டே இறங்கினான். நெரெய்டா பின்னால் இறங்கினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நிமிடம் நின்றாள்.

கீழ்த்தளத்தில் ஒரு கதவு திறந்தது. ஈரக்கையோடு ஒரு நடுவயதுப் பெண் வெளியே வந்தாள். உள்ளே ஓடிய ரேடியோவை ஓடிப்போய் நிறுத்திவிட்டு மறுபடி வந்து நின்றாள். தூக்குப்படுக்கை கடந்து போகும்வரை சிலுவைக் குறி போட்டபடி இருந்தாள்.

"யாரும்மா?"

"எங்கப்பா."

"ஐயோ. எந்த வீடு?"

"மூணாவது மாடி." நெரெய்டா தெருக்கதவைப் பிடித்துக்கொண்டாள். "புதுசா வந்திருக்கோம்."

அந்தப் பெண் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்தாள். வெளியே வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து ஆட்கள் உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க தண்ணி காலைல ஆறு மணிக்குத்தான் வரும்" என்றாள் அவள். "ஏழுக்கெல்லாம் நின்னுடும். எழுந்ததும் பிடிச்சு வெச்சுக்கோம்மா."

"சரிங்க" என்றாள் நெரெய்டா.